விரல் நுனியில் வராத ரத்தம்

சித்திரை மாத சிவகாசியில் ஒருவனுக்கு விரல் சில்லிட்டுப் போகிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குப் போனது. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பதற்காக மோதிர விரலைக் குத்துவேன், ரத்தம் வராது. அழுத்திப் பிசைந்தால் கடுகளவு வரும். அது சோதனைப் பட்டைக்குப் போதாமல் கருவி 'பிழை' என்று காட்டும். ஒரு பட்டை இருபது ரூபாய்க்கு மேல். சில காலைகளில் மூன்று பட்டைகள் வீணாகியிருக்கின்றன. பிறகு வெந்நீரில் கையை நனைத்து, தேய்த்து, தொங்கவிட்டு, அதன்பின் குத்தப் பழகிக்கொண்டேன். அந்தக் குளிர்ந்த விரல்தான் என் உடம்பில் நடந்துகொண்டிருந்த விஷயத்துக்கு முதல் அடையாளம் என்பது நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அந்த நான்கு மாதங்களில் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. உயிரும் இரண்டு முறை ஊசலாடியது. யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை நோய் வந்து ஏழு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் ஒன்றே ஒன்று போதுமானதாக இருந்தது. வெறும் வயிற்றில் 115, 120 என்று நிற்கும். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 6.9 சதவீதம். போன வருடம் மாசி மாதம் மாரடைப்பு வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய், இதயக் குழாயைத் திறந்துவைக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த மருத்துவமனையில் என்னை நன்றாகவே கவனித்தார்கள், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆறு மாத்திரைகளுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், ராமிப்ரில், மெட்டோப்ரோலால், அவற்றோடு பழைய மெட்ஃபார்மின். எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று ஒரு செவிலியர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இவற்றில் எது சர்க்கரையோடு உரசும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பங்குனி முடியும்போது மனைவி திருப்பூருக்குப் போக வேண்டியதாயிற்று. மகளுக்கு ஆறாவது மாதம். பிரயாணம் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா போகாமல் யார் போவார்கள்? நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி நானேதான் பஸ் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது. அச்சகத்தில் விற்காமல் மிஞ்சிய டைரி ஒன்றில் தினமும் சர்க்கரை அளவைக் குறித்துவைப்பேன். முதலில் 128. இரண்டு வாரத்தில் 140. சித்திரை நடுவில் 155, 158. வைகாசியில் 172. மூன்று மாதச் சராசரி எடுத்தபோது 8.1. எடையும் நான்கு கிலோ கூடியிருந்தது. நான் சாப்பாட்டைக் கூட்டவே இல்லை. சொல்லப்போனால் மாரடைப்புக்குப் பயந்து இரவுச் சாப்பாட்டை இரண்டு இட்லியோடு நிறுத்தியிருந்தேன். ஆனால் நடை குறைந்துவிட்டது. தெருமுனை வரை போவதற்குள் கால்கள் ஈரச் சாக்கைப் போலக் கனத்தன. இதயம் பலவீனமாகிவிட்டதால் இப்படி இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

உள்ளூரில் சர்க்கரைக்குப் பார்த்துவந்த மருத்துவர் டைரியைப் புரட்டக்கூட இல்லை. "வீட்டில் ஆள் இல்லை, கடைச் சாப்பாடு, இனிப்பும் உள்ளே போகிறது, அப்படித்தானே?" என்றார். இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே, சர்க்கரையை இறக்கும் கிளிமெப்பிரைடு என்ற மாத்திரையைச் சேர்த்தார். அடுத்த மாதம் அதையே காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஆக்கினார். மனைவியிடம் போனில் சொன்னால் அவளும், "என்னங்க, மறைக்காமல் சொல்லுங்கள், டீயில் சர்க்கரை போட்டுத்தானே குடிக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அன்று போனை வைத்துவிட்டு வெகுநேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். திருடாதவனைத் திருடன் என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. நோயைவிட அந்த அவமானம்தான் என்னைத் தப்பான காரியங்களைச் செய்யவைத்தது என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று 6,400 ரூபாய்க்கு ஒரு மூலிகைப் பொடி வாங்கினேன். எந்தப் பலனும் இல்லை. மருத்துவரிடமும் அதைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் சர்க்கரை திடீரென்று ஏறினால், நீங்கள் வாயைக் கட்டியிருந்தும் ஏறினால், கடைசி மூன்று மாதத்தில் புதிதாகச் சேர்ந்த மாத்திரைகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே சர்க்கரை அளவுகளை எழுதுங்கள். டைரியைப் புரட்ட மருத்துவருக்கு நேரம் இருக்காது. ஒரே ஒரு தாளைப் பார்த்துவிடுவார். நான் இருநூறு பக்க டைரியை நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தாள் நீட்டியிருக்க வேண்டும்.

ஆடி பிறந்து நான்கைந்து நாள் இருக்கும். இரவு இரண்டரை மணிக்கு விழித்தேன். தலையணை, பனியன், வேட்டி எல்லாம் தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல நனைந்திருந்தன. மின்விசிறி சுழல்கிறது, ஆனாலும் வியர்வை வழிகிறது. தலை கிறுகிறுத்தது. எழுந்து விளக்கைப் போட்டால், சுவரில் இருந்த காலண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியவில்லை. எழுத்து தெரிகிறது, பொருள் பிடிபடவில்லை. மாசியில் மாரடைப்பு வந்தபோதும் இப்படித்தான் வியர்த்தது. ஆகவே இரண்டாவது மாரடைப்பு என்றே நம்பினேன். சர்க்கரை தாழ்ந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும் என்று ஏழு வருடமாகக் கேட்டிருக்கிறேன். எனக்குப் படபடப்பும் இல்லை, நடுக்கமும் இல்லை. அதனால் சர்க்கரைக் கருவி மேசையிலேயே இருந்தும் அதைத் தொடவில்லை.

அடுத்த தெருவில் ஆட்டோ வைத்திருக்கும் தம்பியைப் போனில் எழுப்பினேன். "அண்ணாச்சி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், வந்துவிட்டேன்" என்றவன் ஐந்து நிமிடத்தில் வந்தான். அவன் தோளில் சாய்ந்து ஆட்டோவில் ஏறியது நினைவிருக்கிறது, மற்றது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஒரு தனியார் மருத்துவமனை. ஸ்டென்ட் வைத்தவர் என்று தெரிந்ததும் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, மறுபடி ஈசிஜி. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பயிற்சிச் செவிலியர்தான் விரலைக் குத்தினாராம். 46. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் எனக்கு உலகம் தெளிந்தது. இதயத்தில் புதிதாக எந்தச் சேதமும் இல்லை. ஆனாலும் ஒன்றரை நாள் வைத்திருந்து 41,600 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். கிளிமெப்பிரைடைப் பாதியாகக் குறைத்து அனுப்பிவிட்டார்கள். ஏன் படபடக்கவில்லை என்று கேட்டேன். "சிலருக்கு அப்படித்தான்" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. மாத்திரை அட்டைப்பெட்டிகளில் மடித்து வைத்திருக்கும் காகிதங்களை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பிழை திருத்துபவர்களோடு முப்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன், பொடி எழுத்து எனக்குப் புதிதில்லை. மெட்டோப்ரோலால் காகிதத்தில் இருந்தது: சர்க்கரை தாழ்வதற்கான அறிகுறிகளை, முக்கியமாக வேகமான இதயத் துடிப்பை, இந்த மருந்து மறைத்துவிடக்கூடும். கை கால் குளிர்ச்சியும் அதிலேயே இருந்தது, சோர்வும் இருந்தது. படித்து முடித்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்தக் கோபத்தில் மாத்திரையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். இனி தொடமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

இந்த ஒரு காரியத்தை தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையை, அதுவும் இதயக் குழாயில் அடைப்பு இருந்தவர்கள், திடீரென்று நிறுத்தவே கூடாது. அதுவரை இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும் அட்ரினலின் என்ற சுரப்பை வாங்கவிடாமல் மாத்திரை பூட்டிவைத்திருந்த இடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். நெஞ்சுவலி திரும்பும், மாரடைப்பே வரலாம். நிறுத்த வேண்டுமென்றால் மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். எனக்கு அது தெரியாது. ஆடிப்பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது, எங்கள் ஊரில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களை அன்றுதான் வெளியிடுவார்கள், அச்சகத்தில் நிற்க நேரமிருக்காது. மாத்திரை நிறுத்திய மூன்றாவது நாள், மாடிக்கு ஆல்பக் கட்டு ஒன்றைத் தூக்கிப் போனேன். பாதிப் படியில் நெஞ்சின் மேல் யாரோ கல்லை ஏற்றி வைத்ததுபோல அழுத்தியது. நாடி 118. படியிலேயே உட்கார்ந்து, சட்டைப்பையில் இருந்த, நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இறங்கியது. அன்றே மதுரைக்குப் போனேன். இதய மருத்துவர் ஈசிஜி பார்த்துவிட்டு, கடுமையாகத் திட்டிவிட்டு, அதே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். திட்டியது நியாயம்தான். ஆனால் சர்க்கரையைப் பற்றிக் கேட்டபோது, "அதற்கு அந்த மருத்துவரைப் பாருங்கள்" என்றார். அந்த மருத்துவரோ, "இதய மாத்திரையில் நான் கைவைக்க முடியாது" என்பார். இருவருக்கும் நடுவில் நோயாளி நின்றுகொண்டிருக்கிறான். அங்கே தரையே இல்லை என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் என் கூட வேலை பார்ப்பவர் வற்புறுத்தி விருதுநகரில் ஒரு வயதான பொது மருத்துவரிடம் அழைத்துப் போனார். கட்டணம் முந்நூறு ரூபாய். இந்த முறை ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். அவர் தாளைப் படித்துவிட்டு என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டார். "இவ்வளவு குளிர்ச்சி எத்தனை நாளாக?" என்று கேட்டார். சர்க்கரைக்காக நான் பார்த்தவர்களில் என் கையைத் தொட்ட முதல் மருத்துவர் அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். இன்சுலின் என்றால் செல்லின் கதவைத் திறக்கும் சாவி என்று மட்டுமே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கைத் தசைகள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தசைக்குள் மயிரிழை போன்ற நுண்குழாய்கள் ஏராளம். எல்லாமே எப்போதும் ரத்தம் ஓடியபடி இருப்பதில்லை. இன்சுலின் வந்ததும் ரத்தக்குழாயின் உட்சுவரை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கவைக்கிறது. அந்த வாயு குழாயைத் தளர்த்துகிறது, மூடிக்கிடந்த நுண்குழாய்களிலும் ரத்தம் பாய்கிறது. "கண்மாயில் தண்ணீர் இருந்தால் மட்டும் வயல் நனைந்துவிடுமா? மடை திறக்க வேண்டும், கடைசிச் செய் வரை வாய்க்கால் ஓட வேண்டும். இன்சுலின் மடையையும் திறக்கிறது" என்றார். நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயில் இப்படி வேலை செய்வதைக் கண்டுபிடித்தவர்கள் மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்ததாம். என் சட்டைப்பையில் இருந்த சார்பிட்ரேட்டும் உடம்புக்குள் போய் அதே வாயுவாகத்தான் வேலை செய்கிறது என்று சொன்னபோது அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மெட்டோப்ரோலால், அட்டினலால் போன்ற பழைய பீட்டா பிளாக்கர்கள் இதயத்தை மெதுவாக அடிக்கவைத்துக் காப்பாற்றுகின்றன. இதயம் குறைவாக இறைக்கும்போது உடல் அழுத்தம் விழுந்துவிடாமல் இருக்க ஓரங்களில் உள்ள சிறு குழாய்களை இறுக்கிக்கொள்கிறது. விரல் குளிர்வது அதனால்தான். தசையிலும் அதே இறுக்கம் இருந்தால் இன்சுலின் மடையைத் திறக்கப் பார்க்கும், எதிர்ப்பக்கம் இன்னொரு கை மூடிக்கொண்டிருக்கும். சர்க்கரை வயலுக்குப் போகாமல் வாய்க்காலிலேயே தேங்கும். கார்வெடிலால் என்று வேறொரு பீட்டா பிளாக்கர் இருக்கிறது. அது இதயத்தையும் அடக்கும், குழாயை இறுக்கும் ஆல்ஃபா என்ற வழியையும் தடுக்கும். அதனால் குழாய் தளரும். மெட்டோப்ரோலாலையும் கார்வெடிலாலையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஜெமினி என்ற ஆய்வு 2004இல் வெளியானது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து இருந்த 1,235 பேர் அதில் பங்கேற்றார்கள். ஐந்து மாதம் கழித்து மெட்டோப்ரோலால் சாப்பிட்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரி 0.15 கூடியது, எடையும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூடியது. கார்வெடிலால் சாப்பிட்டவர்களுக்கு இரண்டுமே ஏறக்குறைய அப்படியே நின்றன.

0.15 தானா என்று நான் கேட்டுவிட்டேன். எனக்கு 6.9 எங்கே, 8.1 எங்கே? அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன நேர்மையான பதிலை நீங்களும் கேட்க வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு எல்லாப் பழியையும் ஒரு மாத்திரையின் மேல் போட்டுவிடக் கூடாது. "அது சராசரி ஐயா. ஒருவருக்குக் கூடும், ஒருவருக்கு ஒன்றும் ஆகாது. உங்களுக்கு மாரடைப்பின் அதிர்ச்சி, எடை, நடை நின்றது, மனக்கவலை, கொழுப்பு மாத்திரை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அட்டோர்வாஸ்டாட்டினும் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றக்கூடியதுதான். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு அதன் நன்மை பல மடங்கு, நிறுத்தக் கூடாது. இதில் மெட்டோப்ரோலாலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் மாற்றிப் பார்க்கலாம்." உங்கள் மேல் தவறில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. இப்படி ஒவ்வொன்றாக எடுத்துவைத்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதன்பின் அவர் செய்ததுதான் எனக்கு மிகப் பெரிய உதவி. எனக்கு முன்னாலேயே மதுரை இதய மருத்துவருக்குப் போன் செய்தார். பத்து நிமிடம் பேசினார்கள். இரண்டு மருத்துவர்கள் என்னைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டது அதுதான் முதல் முறை. இதய மருத்துவரும் உடனே ஒப்புக்கொண்டார், தன் கடிதத்தாளில் எழுதியும் கொடுத்தார். மெட்டோப்ரோலாலைக் குறைத்து கார்வெடிலாலைச் சிறிய அளவில் ஆரம்பித்து, சில வாரங்களில் அளவைக் கூட்டினார்கள். இதிலும் சிரமம் உண்டு. முதல் வாரம் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது, ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும், எழும்போது இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்றார்கள். அப்படிச் செய்ததும் சரியானது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. இதயச் செயலிழப்பில் மெட்டோப்ரோலாலின் ஒரு வகை நன்கு நிரூபிக்கப்பட்ட மருந்து, மாற்றத் தேவையில்லாதவர்கள் பலர். ஆகவே மருந்துக்கடையில் போய் 'அதற்குப் பதில் இது கொடுங்கள்' என்று கேட்பவர்கள் தயவுசெய்து இதை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

கால்கனம் குறைந்ததும் நடக்க ஆரம்பித்தேன். முதலில் கால் மணி, பிறகு முப்பத்தைந்து நிமிடம். நடக்கும்போது தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, நுண்குழாய்களும் தாமாகத் திறக்கின்றன என்று அவர் சொல்லியிருந்தார். எடை மூன்று கிலோ இறங்கியது. ஐப்பசியில் கிளிமெப்பிரைடு முழுவதும் நிறுத்தப்பட்டது. இந்த மாசியில், மாரடைப்பு வந்து சரியாக ஒரு வருடம் கழித்து, மூன்று மாதச் சராசரி 7.1. பழைய 6.9க்குத் திரும்பவில்லை. ஒருவேளை திரும்பாமலும் போகலாம்.

பேத்தி பிறந்து மூன்று மாதம் கழித்து மனைவி வந்தாள். நடந்ததில் பாதியை அவளுக்கு அதுவரை சொல்லவில்லை, சொன்னபோது அழுதாள். டீயைப் பற்றிக் கேட்டதற்காக வருத்தப்பட்டாள். நான் தாளைக் காட்டினேன். இப்போது அதன் இரண்டு பிரதிகள் என் சட்டைப்பையிலும் அவள் பையிலும் இருக்கின்றன. மூன்றாவது பிரதி ஆட்டோ தம்பியிடம் இருக்கிறது. அதில் மேலே சிவப்பு மையில் நான் எழுதியிருப்பது: "பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார். காரணமில்லாமல் வியர்த்தால் முதலில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கவும். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பார்க்கவும். சர்க்கரை சரியாக இருந்தும் வியர்த்தால், அல்லது நெஞ்சு அழுத்தினால், தாமதிக்காமல் 108ஐ அழைக்கவும்." போன வாரம் பார்த்தபோது, அதை அவன் லேமினேட் செய்து ஆட்டோவின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தான்.